சக்கரத்துக்குள் ஒரு விரல் இடம்

போன மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, நானும் என் மனைவியும் நாகூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை. கீழ்வேளூர் தாண்டியாயிற்று, திருவாரூர் இன்னும் வரவில்லை. அந்த இடைப்பட்ட சாலையில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு டிராக்டர் கழுவினேன், டிராக்டர் ஓட்டினேன், கடைசியில் டிராக்டரை வாங்கினேன். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் உழவு என்றாலும் அறுவடை என்றாலும் முதலில் என் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். வயலின் அந்தக் கோடியில் ஓடுகிற இன்ஜினை இந்தக் கோடியில் நின்று கேட்டே, அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்துச் சம்பாதித்த பெருமை, யாரிடமும் இரவல் வாங்கியது இல்லை.

என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கொட்டகையில், மட்டைக் குவியலுக்கு நடுவில் கிடந்தது. எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. இன்ஜினை நானே பிரித்தேன், நானே கோத்தேன். பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்து, சக்கரத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று மூடி போட்டேன். இப்போது தஞ்சாவூர்க் கடைத்தெருவில் நிறுத்தினால், புதுக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இறங்கி வந்து இதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் என் மனைவி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காரணம், வாத்து. அதற்கு முந்தைய ஐப்பசியில் நல்ல மழை. வாய்க்கால் பொங்கி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. நாங்கள் அதில் இறங்கி ஏறி வந்தோம். கொஞ்ச தூரத்தில், குறுவை அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டத்தை வாத்துக்காரர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. பழைய காலத்து பிரேக் சட்டி கவிழ்த்த மாதிரி இருக்கும். உள்ளே தண்ணீர் போய்விட்டால் காய்கிற வரைக்கும் பிடிமானம் இருக்காது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கரையோரச் சேற்றில் வண்டியை விட்டு நிறுத்தினேன். ஒரு வாத்துக்குக்கூட அடி இல்லை. வேறு எவனாவது ஓட்டியிருந்தால் கதை வேறு. ஆனால் என் மனைவி கதவைத் திறந்து இறங்கியவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.

அதற்கப்புறம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு நான் தனியாகக் காரில் போவேன். அவள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். மண்டப வாசலில் நிற்கிறவர்கள், உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று கேட்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். காரை யாருக்காக அவ்வளவு அழகாக இழைத்தேனோ அவளே உட்காரவில்லை என்றால், அது எத்தனை பேர் படம் எடுத்து என்ன.

ஒரு நாள் சாப்பிடும்போது கெஞ்சியே பார்த்தேன். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பிரேக்க மாத்துங்க. ஏறுறேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்தக் காலத்து வண்டிகளில் வருகிற டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். பிரேக்கை மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் ஒரு கொடுக்கு கவ்விப் பிடிக்கும். காலிப்பர் என்பார்கள். வயல் நண்டின் கொடுக்கை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நனைந்தாலும் உடனே உதறிவிட்டுப் பிடித்துவிடும்.

திருக்காட்டுப்பள்ளியில் என் சகலை இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறார். என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். வேலை சுத்தமான ஆள், ஆனால் எதற்கும் அவசரப்பட மாட்டார். அவரை வரவழைத்து, மார்கழியில் ஆரம்பித்துத் தை முடிகிற வரைக்கும் என் வீட்டுக் கொட்டகையிலேயே வேலை நடந்தது. தட்டும் கொடுக்கும் முன் சக்கரங்கள் இரண்டிலும் அழகாக உட்கார்ந்துவிட்டன. சிக்கல் சக்கரத்தில்தான் வந்தது. பழைய சட்டி இருந்த இடத்துக்குத் தகுந்தாற்போல் செய்த சக்கரம் அது. புதுக் கொடுக்கு அதைவிடப் பெரிசு. சக்கரத்தை மாட்டினால் உள்ளே எங்கே இடிக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

சகலை கொஞ்சம் களிமண் கேட்டார். அதைக் கொடுக்கின் மேல் அப்பி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிக் கழற்றினால், மண் எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம். புது பிரேக்குக்குள் மண்ணைப் போடுவதா என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் மனைவி, கொழுக்கட்டைக்குப் பிசைந்து வைத்திருந்த அரிசி மாவில் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாவை அப்பினோம். சக்கரத்தை மாட்டினோம். ஒரு சுற்று. கழற்றிப் பார்த்தால், கொடுக்கின் மேல் மூலையில் மாவே இல்லை, இரும்பு தெரிந்தது. மற்ற இடங்களில் மாவு அப்படியே இருந்தது. அந்த ஒரு மூலைதான் இடித்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வளையம் செய்து போட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் சரியாகிவிடும். சகலை ஒரு தோசைக் கனம் போதும் என்றார்.

அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.

நீங்கள் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் என்னைக் குற்றம் சொல்ல மாட்டீர்கள். நடவுக்குச் சேறு அடிக்கிற டிராக்டரில் சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடம் குறைவாக இருந்தால், சேறு அடைத்து, காய்ந்து, கல்லாகிச் சக்கரத்தையே பிடித்துவிடும். அதனால் சேறு வந்த வழியே போக இடம் விட வேண்டும். என் வாழ்நாள் முழுக்க அதுதான் கணக்கு. விரல் நுழையாத இடுக்கைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு விரல் கனத்துக்கு வளையம் போடுங்கள் என்றேன்.

சகலை அரிவாளால் வெட்டிய மாதிரி கேட்டார்: "அண்ணே, காரை நடவு வயல்லயா எறக்கப் போறீங்க?"

ஐப்பசியில் நம்ம ஊர் ரோடும் நடவு வயலும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவர் விடவில்லை. வளையம் கனமாகிவிட்டால் சக்கரம் வெளியே தள்ளும், போல்ட்டின் நுனி மட்டும்தான் வெளியே நீட்டும், நட்டு ஏறிப் பிடிக்கத் திருகு மரை போதாது, அதற்கு நீளமான போல்ட் வரவழைத்துப் போட வேண்டும், வந்து சேரும் வரை பொறுங்கள் என்றார். நான் பொறுக்கிற மாதிரி இல்லை. ஏனென்றால் அதற்குள் நாகூர் போகிற நாள் குறித்தாகிவிட்டது.

கார்த்திகையில் எங்கள் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தபோது, பயிர் தலை நிமிர்ந்தால் நாகூர் தர்காவுக்கு வெள்ளியில் ஒரு நெற்கதிர் செய்து போடுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தது, பயிர் நிமிர்ந்தது, களத்தில் நெல் குவிந்தது. கதிரும் செய்தாயிற்று. நாகூருக்குக் காரில்தான் போகிறோம் என்று அவளிடம் வாக்கு வாங்கிவிட்டேன். இவ்வளவு நாள் கழித்து அவள் ஏறச் சம்மதித்திருக்கிறாள், இப்போது போய் போல்ட் வரவில்லை என்று சொன்னால் மறுபடி பஸ்தான். அதனால் விரல் கன வளையத்தை இருக்கிற போல்ட்டிலேயே மாட்டச் சொன்னேன். சகலை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நானே எடுத்து, அதன் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, ஏறி மிதித்து இறுக்கினேன். நான் இறுக்கிய நட்டு இதுவரை கழன்றதாகச் சரித்திரம் இல்லை. மேலே பளபளப்பான மூடியைத் தட்டி மாட்டியதும் உள்ளே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பிரேக் என்றால் பிரேக் அப்படி இருந்தது. தஞ்சாவூர் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. மிதித்ததும் வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. என் மனைவி கதவுப் பிடியைப் பற்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

நாகூரில் கதிரைச் செலுத்தினோம். பூவும் சர்க்கரையும் வாங்கிக் கொடுத்து ஓதி வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். காலை வெயில், காலியான ரோடு, இரண்டு பக்கமும் அறுத்த நெல்லின் தாள். அவள் சர்க்கரையை ஒரு துளி என் வாயில் போட்டாள். நான் பாட ஆரம்பித்தேன். எனக்குப் பாட வராது, அன்றைக்கு வந்த மாதிரி இருந்தது.

கீழ்வேளூர் தாண்டியதும் முன்னால் இடது பக்கம் கலகலவென்று ஒரு சத்தம். என் மனைவிக்குத்தான் முதலில் கேட்டது. மூடிக்குள் கல் விழுந்திருக்கும் என்றேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே சீக்கு சொல்கிறவன், அந்தச் சத்தத்தைக் கல் என்றேன். கொஞ்ச நேரத்தில் டங்கென்று ஒரு ஓசை கேட்டது, கலகல நின்றுவிட்டது. பார்த்தாயா, கல் தானே விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி பாட்டை எடுத்தேன்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் ஆரம்பித்தது.

கண்ணாடியில் பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிற சின்ன வேன். இடைவிடாமல் அடித்துக்கொண்டு, விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அம்பாசிடரை ஒரு மீன் வேன் முந்துவதா? நான் ஓட்டுகிற வண்டியை இதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் ஹாரன் அடித்து ஒதுக்கியது கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவனும் மிதித்தான். வழி விடுங்களேன், மீன்காரங்களுக்கு அவசரம் இருக்கும் என்று என் மனைவி சொன்னாள். நடு ரோட்டை விட்டு நான் நகரவில்லை. ஸ்டியரிங் கையில் லேசாக உதறியது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் ஒரு ஆற்றுப் பாலம். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இருக்காது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு அகலமாக இருந்த இடத்தில் அந்த வேன் சாலையை விட்டு மண்ணில் இறங்கி, என்னைத் தாண்டி, எனக்கு முன்னால் குறுக்கே நின்றது. புது பிரேக் வேலை செய்தது. வேனுக்கு ஒரு முழத்தில் நின்றோம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டைக்கு என்று இறங்கினேன்.

வேனிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். என் வயசு இருக்கும். முட்டி வரை தூக்கிச் செருகிய சேலை, தலையில் சும்மாட்டுத் துணி. கையில் என் காரின் சக்கர மூடி.

"ஏண்ணே, ஆரன் காதுல வுழலயா? சக்கரம் கழண்டு ஓடப்போவுது. நாங்க தொரத்த தொரத்த நீங்க ஓடுறீங்க."

மூடியை என்னிடம் நீட்டினார். அதற்குள் ஒரு நட்டு கிடந்தது.

எனக்கு மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடக்கூடத் தோன்றவில்லை. குனிந்து இடது முன் சக்கரத்தைப் பார்த்தேன். ஒரு போல்ட்டில் நட்டே இல்லை. மற்ற நட்டுகளை விரலால் திருகினேன், சுற்றின. சில இன்னும் இரண்டு சுற்றில் விழுந்துவிடும். நான் ஏறி மிதித்து இறுக்கிய நட்டுகள். சகலை சொன்ன மாதிரியே போல்ட்டின் நுனியை மட்டும் கவ்வியிருந்தன. அந்த அரைகுறை மரை ஓட்டத்தில் ஆடி ஆடித் தளர்ந்திருக்கிறது. முதலில் கழன்ற நட்டுதான் மூடிக்குள் கலகலத்தது. அதுவே மூடியையும் தள்ளிவிட்டிருக்கிறது. எனக்கு முன்னால் அந்தப் பாலம் தெரிந்தது. கீழே தண்ணீர் அதிகமில்லை, கல்லும் மணலும். என் மனைவி உட்கார்ந்திருந்ததும் இடது பக்கம்தான்.

அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை அந்த அம்மாதான் என் மனைவியிடம் சொன்னார். எங்கள் வண்டியிலிருந்து மூடி தெறித்து உருண்டு வந்ததாம். விலை உள்ள சாமானாகத் தெரிகிறதே, வண்டிக்காரர்கள் தேடுவார்களே என்று வேனை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். எடுத்தால் உள் விளிம்பில் ஒரு நட்டு சிக்கியிருந்தது. உடனே துரத்தியிருக்கிறார்கள். நெருங்கி வந்து பார்த்தால் சக்கரம் ஆடுவது கண்ணுக்கே தெரிந்ததாம். வேன் நிறைய மீன். ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மார்க்கெட் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த மீனுக்குப் பாதி மதிப்புகூட இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஓட்டுநர் இறங்காமல் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் எனக்குப் புத்தி திரும்பியது. செய்ய வேண்டியது ஒன்றுதான். வளையத்தைக் கழற்றி, கடைந்து கனத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் போல்ட்டின் உள்பக்கம் தேயாத நல்ல மரை வெளியே வரும், நட்டு அதில் ஏறி நிற்கும். வளையமே இல்லாமல் ஓட்டவும் முடியாது, கொடுக்கில் சக்கரம் இடிக்கும். ஜாக்கி போட்டுக் கழற்றி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தேன். அங்கேயும் நட்டுகள் தளரத் தொடங்கியிருந்தன. வளையம் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, திருவாரூரில் லேத் இருக்கும், யாராவது என்னைக் கொண்டு விட்டால் போதும் என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது, அதுவும் நெருக்கிக்கொண்டுதான், ஆம்பளைக்கு ஆகாது என்று சொல்லி, என் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க வாங்கக்கா."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வளையம் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினாள். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், ஒரு தோசைக் கனம், லேத்துக்காரரிடம் அப்படியே சொல்லு என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, சகலையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே என்றேன். வேன் போய்விட்டது.

நான் சக்கரம் இல்லாத காரின் பக்கத்தில், புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இறங்கி வந்து, அழகான வண்டி என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னையும் நிற்கச் சொன்னார். நிற்கவில்லை.

வெயில் ஏறி வெகு நேரம் கழித்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். ஒரு கையில் துணியில் சுற்றிய வளையங்கள். இன்னொரு கையில் வாழை இலைப் பொட்டலம். பசிக்குத்தான் ஏதோ வாங்கிவந்திருக்கிறாள் என்று நினைத்து வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

திருவாரூரில் லேத் பட்டறை வாசலில் இவளை இறக்கிவிட்டு அந்த அம்மா போய்விடவில்லையாம். தனியாக வந்த பொம்பளை என்று பட்டறைக்காரர் சாயந்திரம் வரச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா உள்ளே போய், நீ இதைக் கடைந்து முடிக்கும் வரை நாங்கள் வேனை உன் வாசலிலிருந்து எடுக்க மாட்டோம், மீன் தண்ணீர் வடிந்தால் நீதான் கழுவிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வேலை உடனே நடந்திருக்கிறது. முடிந்ததும் தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டு இவளை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் வேனை எடுத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டதற்குச் சிரித்திருக்கிறார். கொடுத்ததை வாங்கிக்கொள்ளவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்ன நேரம் ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

வளையத்தைப் பார்த்தேன். அச்சாக இருந்தது. தோசைக் கனம் என்று சொன்னதை வைத்தே இவ்வளவு துல்லியமாகக் கடைந்துவிட்டாரா என்று ஆச்சரியமாகக் கேட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எந்தக் கடைத் தோசை என்று பட்டறைக்காரர் கேட்டார், அதனால் தங்கச்சி வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கொடுத்தேன் என்றாள். எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

வளையத்தைப் போட்டு, சக்கரத்தை மாட்டப் போனேன். அவள் குறுக்கே கை நீட்டினாள். வாழை இலையைப் பிரித்தாள். உள்ளே பரோட்டா மாவு. லேத்துக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டா மாஸ்டரிடம் கேட்டு ஒரு உருண்டை வாங்கி வந்திருக்கிறாள். ரோட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து, கொடுக்கின் மேல் மூலையில் அவளே அதை அப்பினாள். சக்கரத்தை மாட்டி நட்டைப் போட்டேன். ஒவ்வொரு நட்டும் எத்தனை சுற்று ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். கையால் சக்கரத்தைச் சுற்றினாள். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைசி வரை திருப்பச் சொல்லி, திருப்பிய பிறகும் சுற்றினாள். கழற்றினோம். பரோட்டா மாவு நசுங்கினாலும் கொஞ்சம் எம்பும், அதை நம்ப முடியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் நகத்தால் குத்திப் பார்த்தாள். மாவு இருந்தது. இரும்பு தெரியவில்லை. நகம் இறங்குகிற அளவுக்கு இடம் இருந்தது.

"இப்ப மாட்டுங்க" என்றாள். அடுத்த பக்கத்துக்கும் அதே சோதனை.

மாவைத் துடைத்து, இரண்டு சக்கரத்தையும் மாட்டி, ஒழுங்காக இறுக்கினேன். ஏறி மிதிக்கவில்லை. வளையம் சரியாக இருந்தால் ஏறி மிதிக்க வேண்டிய அவசியம் இல்லை. மூடியை மட்டும் மாட்டவில்லை. ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் நட்டுகள் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் முடிந்து நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு நிறைய பஸ் இருக்கிறது. அந்த ஆட்டோவும் இன்னும் போகவில்லை. நான் ஏறு என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. முன்னால் இருந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவருக்குக் கையை அசைத்து அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த மாவை ஜன்னலுக்கு வெளியே உதிர்த்துவிட்டு, மெதுவா போங்க என்று மட்டும் சொன்னாள்.

போகும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நட்டுகளைப் பார்த்தேன். அசையவில்லை. நீடாமங்கலம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றபோது சகலை போன் செய்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷன். மாவு வைத்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். உங்கள் அண்ணி பார்த்துவிட்டாள் என்றேன். அப்படியானால் சரி என்று வைத்துவிட்டார். பிற்பாடு நீளமான போல்ட் வந்ததும் அவரே வந்து போட்டுக் கொடுத்தார். வளையம் தோசைக் கனத்திலேயே இருக்கிறது. இந்த ஐப்பசி மழையில் ஓட்டிப் பார்த்தாயிற்று, சேறு ஒன்றும் அடைக்கவில்லை.

நானும் அவளும் அதற்குப் பிறகு எத்தனையோ இடம் போய்விட்டோம். எந்தக் கல்யாண மண்டபத்திலும் இப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போய் இறங்குகிறோம். தஞ்சாவூர் போகும்போதெல்லாம் மீன் மார்க்கெட் வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தி, உள்ளே வருகிற வேன்களைப் பார்ப்பேன். அந்த அம்மாவை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பின்னால் ஹாரன் கேட்டால் நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில்லை. ஓரம் கட்டி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்ன என்று பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஒன்றும் சொல்லாமல் முந்திக்கொண்டு போகிறார்கள், ஒன்றிரண்டு பேர் திட்டிவிட்டும் போகிறார்கள். போகட்டும். எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் ஓடுகிற வண்டியில் தன் சக்கரத்தைத் தானே பார்க்க முடியாது. அதைப் பார்த்த ஒருவர், தன் மீன் கெட்டாலும் பரவாயில்லை என்று என்னைத் துரத்திக்கொண்டு வந்ததால்தான், இதை எழுதுகிற இந்த நேரத்தில் பக்கத்து அறையில் அவள் யாரிடமோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.